பின்சீட்டு வலது பக்கம்

துபாயில் என் பழைய செக்ஷனில் இப்போது வேலை பார்க்கும் நசீர் போன மாதம் போன் செய்தான். விழாவில் யாரை எங்கே உட்கார வைப்பது என்பதை இனி கம்ப்யூட்டரே சொல்லிவிடுமாம். பெயரையும் பதவியையும் போட்டால் போதும், நாற்காலி வரிசை படமாக வந்து விழுகிறதாம். "சார், நீங்க இத்தனை வருஷம் இதைத்தானே பண்ணிட்டு இருந்தீங்க? உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க, புதுசா வந்த பசங்க படிக்கட்டும்" என்றான். அதில் கொஞ்சம் மரியாதை இருந்தது, நிறைய நக்கலும் இருந்தது. இரண்டையும் வாங்கிக்கொண்டு எழுதுகிறேன்.

புரோட்டோகால் அசிஸ்டன்ட் என்றால் என்ன வேலை என்று என் மாமனார் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டு, தான் நின்றுகொண்டே இருப்பது. இதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டில் சின்ன மாமா சம்பளமில்லாமல் செய்வதை நான் சம்பளத்தோடு செய்தேன். அவர் மேல் யாராவது கோபித்துக்கொள்வார்கள். என் மேல் எல்லோருமே கோபித்துக்கொள்வார்கள்.

நான் திருச்சிக்காரன். அந்தக் கட்டுமானக் கம்பெனிக்கு டைப்பிஸ்டாகத்தான் போனேன். அஜ்மானில் ரூம், துபாயில் டூட்டி. வாழ்க்கையில் பாதி ரோட்டில் போனது. ஒருநாள் கம்பெனியின் புரோட்டோகால் தலைவர் ஹாஷிம் என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கதவு வரை நடந்துவிட்டுத் திரும்பி வா" என்றார். நடந்தேன். "நாளை முதல் என் செக்ஷன்" என்றார். என் ஆங்கிலத்தையும் டைப்பிங் வேகத்தையும் பார்த்து எடுத்தார் என்று நெடுநாள் பெருமையாகத் திரிந்தேன். நடக்கும்போது என் செருப்பு சத்தம் போடவில்லை என்பதுதான் காரணம் என்று பிறகு அவரே சொன்னார். துபாயின் சத்வா கடைத்தெருவில் வாங்கிய மலிவு ரப்பர் செருப்பு. என் உத்தியோக வாழ்வின் அஸ்திவாரம் அது.

ஹாஷிம் சூடான்காரர். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் உஸ்தாத், அதாவது ஆசான். ஆறடிக்கு மேல் உயரம், வெள்ளை அங்கி, வெள்ளைத் தலைப்பாகை. வரவேற்பு அறையில் அவர் நின்றால், கட்டடத்தைக் கட்டியபோதே அவரையும் சேர்த்து நிறுத்தியதுபோல் இருக்கும். யாரையும் விரலால் சுட்டிக் காட்ட மாட்டார். கையை விரித்து, உள்ளங்கை மேலே தெரிய, பிரசாதம் வாங்குவதுபோல நீட்டுவார். அந்தத் திசையில்தான் நாற்காலி இருக்கும். கோபம் வந்தால் தலைப்பாகையைச் சரிசெய்துகொள்வார். அதற்குமேல் கோபித்து நான் பார்த்ததில்லை, அதுவே போதும்போல் இருக்கும்.

அவர் கற்றுத் தந்ததில் மூன்றைச் சொன்னால் மிச்சமெல்லாம் தானாக வந்துவிடும். ஓடாதே: புரோட்டோகால்காரன் ஓடினால் பார்ப்பவர்கள் தீ பிடித்துவிட்டது என்று நினைப்பார்கள். காரில் பின்சீட்டு வலது பக்கம் அன்றைக்குப் பெரிய மனிதர் யாரோ அவருக்கு, டிரைவர் பக்கத்துச் சீட்டு நமக்கு. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதே, கேட்ட கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொல். கடைசி விதியால்தான் இந்தக் கட்டுரையே பிறந்தது.

ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் முதல் பெரிய விழாவில் கல்வெட்டை மூடியிருந்த திரை சிக்கிக்கொண்டது. சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுக்கிறார், இழுக்கிறார், திரை அசையவில்லை. நான் பின்பக்கமாகப் போய் லேசாகத் தட்டிவிட்டேன். திரை, கம்பி, பூ அலங்காரம் எல்லாமாக என் தலைமேல் வந்தது. கல்வெட்டும் நானும் ஒரே நேரத்தில் திறந்துவைக்கப்பட்டோம். கூட்டம் கைதட்டியது. ஹாஷிம் தலைப்பாகையைச் சரிசெய்தார். மறுநாள் பத்திரிகைப் படத்தில் கல்வெட்டைவிட நான் தெளிவாக விழுந்திருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. துபாயில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேன். எங்கள் சைட் ஒன்றில் பள்ளம் தோண்டிய இடத்தில் மண் சரிந்தது. உள்ளே அகப்பட்டவர் ஆண்ட்ரூ என்ற இளம் ஆங்கிலேய இன்ஜினியர். கழுத்துவரை மண். பக்கத்தில் கான்கிரீட்டுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்த ஷட்டரிங் கார்பென்டர் செல்வராஜ் உள்ளே குதித்து, மேலே இருந்து சரிந்த பலகையைத் தோளால் முட்டுக்கொடுத்து நின்றுகொண்டே கையால் மண்ணைத் தள்ளி, ஆட்கள் வரும்வரை அந்தப் பையனுக்கு மூச்சுவிட வழி வைத்திருக்கிறார். ஆண்ட்ரூ பிழைத்து ஊருக்குப் போய்விட்டார். செல்வராஜின் தோள் போய்விட்டது. பாரம் தூக்க முடியாத கார்பென்டரைக் கம்பெனி என்ன செய்யும்? கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. கலாஸ், கதை முடிந்தது.

இந்த நேரத்தில் இங்கிலாந்திலிருந்து ஒரு ஹை ஷெரீப் வருவதாகத் தகவல் வந்தது.

ஷெரீப் என்றதும் குதிரையும் துப்பாக்கியும் நினைவுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். சென்னைக்கு முன்பு ஷெரீப் என்று ஒரு கௌரவப் பதவி இருந்ததே, பெரியவர்களுக்கு நினைவிருக்கும், அந்த ஜாதி. இங்கிலாந்தில் கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. ஒவ்வொரு கவுண்டிக்கும் ராணி பெயரால் ஒருவரை ஒரு வருடத்துக்கு ஹை ஷெரீபாக நியமிப்பார்கள். ஒரு காலத்தில் வரி வசூலித்து, திருடனைப் பிடித்து, பெரும் அதிகாரத்தோடு இருந்த பதவி. இப்போது அதிகாரம் கிடையாது, சம்பளம் கிடையாது, செலவு முழுக்கக் கைக்காசு. கருப்பு வெல்வெட் கோட்டு, முழங்காலோடு நின்றுவிடும் கால்சட்டை, நீளக் காலுறை, கழுத்தில் வெள்ளை லேஸ், இடுப்பில் வாள். இதெல்லாம் போட்டுக்கொண்டு நீதிபதிகளை வரவேற்பது, சிறைக்கும் பள்ளிக்கும் போய்ப் பார்ப்பது, நல்ல காரியம் செய்தவர்களுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுப்பது. அவர்கள் அனுப்பியிருந்த குறிப்பில் இதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கியது. என்னைவிட வெட்டியான உத்தியோகம் ஒன்று உலகத்தில் இருக்கிறது!

ஆண்ட்ரூவின் அம்மா அந்தக் கவுண்டிக்காரர். செல்வராஜுக்கு ஏதாவது மரியாதை செய்தே ஆக வேண்டும் என்று ஹை ஷெரீபிடம் போய் நின்றிருக்கிறார். ஷெரீபின் மகள் துபாயில் டீச்சர். மகளைப் பார்க்க வரும்போது நானே நேரில் கொடுத்துவிடுகிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

எங்கள் ஜெனரல் மேனேஜர் சந்திரமோகன் சென்னைக்காரர். இதைக் கேட்டதும் நட்சத்திர ஓட்டலில் ஹால் பிடிக்கச் சொன்னார். மேடை, பூ, போட்டோகிராபர். நான் நாற்காலி வரிசையை வரைந்துகொண்டு போனேன்.

"செல்வராஜ்னு ஒரு நாற்காலி போட்டிருக்கீங்களே, அது யாரு?"

"அவருக்குத்தான் சார் விருது."

"அவன் அன்னிக்குச் சாயந்தரம் பிளைட் ஏறுறான். விசா கேன்சல் ஆயிடுச்சு, டிக்கெட் போட்டாச்சு. கம்பெனி சார்பா நான் வாங்கிக்கிறேன். ஊருக்கு அனுப்பி வெச்சுடலாம்."

"விழா சாயந்தரம் சார். டிக்கெட்டை ஒருநாள் தள்ளிப் போட்டா…"

"கேம்ப்ல அவன் கட்டிலை அன்னிக்கு ராத்திரியிலேர்ந்து வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு. மேடையில அந்த வெள்ளைக்காரர், 'இப்ப தோள் எப்படி இருக்கு, வேலை எப்படிப் போகுது'ன்னு இவனைக் கேட்டு, இவன் எதையாவது உளறி வெச்சா, நீங்க பதில் சொல்வீங்களா? ரூல்னா ரூல்தான் சார்."

நாற்காலி வரிசையை மடித்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கே தொழிலாளர்கள் தங்கும் சோனாப்பூர் கேம்ப்புக்குப் போய்ச் செல்வராஜைப் பார்த்தேன். அரியலூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கட்டில்மேல் உட்கார்ந்து, ஒரு கையால் அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"தெரியும்ணே. ஃபோர்மேன் சொல்லிட்டாரு. எனக்குப் பதிலா பெரிய சாரே வாங்கிக்கிறாராம்ல."

"உங்களுக்கு அனுப்பி வைப்பாங்க."

"வேணாம்ணே." கயிற்றைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார். "ஊர்ல இறங்குனா, போன இடத்துல என்னத்தடா கிழிச்சேன்னு கேப்பான். தோள்பட்டையத்தான் கிழிச்சேன்னு சொல்லலாம். இல்லடா, ஒரு ஆளு கடல் தாண்டி வந்து என் கையில குடுத்தாருன்னு சொல்லணும்னு ஒரு ஆச. தபால்ல வந்துச்சுன்னு சொன்னா, நானே அச்சடிச்சதும்பான். எங்க ஊரு பயலுவ அப்படி."

ஹாஷிமிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். இது நியாயமா, இது மனிதத்தனமா என்றெல்லாம். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மேனேஜர் ரூல் என்றார். நீ மனசு என்கிறாய். ரூலோடு மனசு மோதினால் மனசுக்குத்தான் அடிபடும். வேறொரு ரூலைக் கண்டுபிடித்துக்கொண்டு வா."

அன்று இரவு அஜ்மான் பஸ்ஸில் அந்தப் பதவியைப் பற்றி அனுப்பியிருந்த குறிப்பை மறுபடி படித்தேன். இருந்தது. ஹை ஷெரீபின் முதல் மரியாதையெல்லாம் அவருடைய கவுண்டிக்குள் மட்டும்தான். எல்லையைத் தாண்டிவிட்டால் அவர் சாதாரண ஆள். திருச்சி எனக்கு எப்படியோ, அப்படி. அங்கே இறங்கினால் நான் துபாய்க்காரர், பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். இங்கே நான் செருப்பு சத்தம் போடாத ஆள்.

மறுநாள் காலை ஹாஷிமிடம் சொன்னேன். அவர் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. "அப்படியானால் அவர் இங்கே அதிகாரி இல்லை. தனி மனிதர். தனி மனிதர் பரிசு கொடுக்க வந்தால், மேடை போட்டு, வாங்குபவரை அங்கே வரச் சொல்வது தவறு. கொடுப்பவர்தான் வாங்குபவர் வீட்டுக்குப் போக வேண்டும்." பிறகு விரித்த கையை என் பக்கம் நீட்டினார். "ஆனால் அதை அவராகக் கேட்க வேண்டும். நீயாகச் சொல்லாதே."

விழாவுக்கு முதல் நாள் ஏர்போர்ட்டில் ஷெரீபை வரவேற்றேன். ஆப்பிள் தோட்டக்காரர். சிவந்த முகம், அகலமான கைகள், ராணியின் பிரதிநிதி என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். வாளைக் கஸ்டம்ஸில் நிறுத்திவிட்டார்கள். திரும்பிப் போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். நான் உடனே ஹாஷிமுக்கு போன் போட்டு, சத்வாவில் நாடக உடை தைப்பவரிடம் மரத்தில் ஒரு வாள் செய்து வெள்ளிப் பெயின்ட் அடித்துவிடலாமா என்று கேட்டேன். மறுமுனையில் தலைப்பாகை சரிசெய்யப்படுவது எனக்குத் தெரிந்தது. "பொய் வாளோடு வருபவன் நடிகன். வாள் இல்லாமல் வருபவன் விருந்தாளி. யல்லா, அவரைக் கூட்டி வா."

ஷெரீப் பின்சீட்டில் வலது பக்கம், நான் முன்னால். கராமா சிக்னலில் கார் நின்றபோது கேட்டார்: "நாளைக்குச் செல்வராஜை விழாவுக்கு முன்னால் கொஞ்சம் தனியாகப் பார்க்க முடியுமா?"

கேட்ட கேள்வி. ஒளிக்காமல் பதில் சொன்னேன். "முடியாது சார். விழா நேரத்தில் அவர் விமானத்தில் இருப்பார்."

"திரும்பி வருவாரா?"

"இல்லை சார். தோள் சரியில்லாததால் வேலை முடிந்துவிட்டது."

"அப்படியானால் விருதை யார் வாங்கப் போகிறார்கள்?"

"எங்கள் ஜெனரல் மேனேஜர் சார்."

சிக்னல் விழுந்தது. டிரைவர் கான் பாய் பெஷாவர்காரர், ஆங்கிலம் தெரியாதவர், ஆனாலும் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். கார் கராமாவைத் தாண்டியது. பிறகு ஷெரீப் கேட்டார்: "அவர் எங்கே குடியிருக்கிறார்?"

கேட்டாரே! பிளாக் நம்பர், ரூம் நம்பர் வரை சொன்னேன்.

அன்று மாலை மேனேஜர் அறையில் ஹாஷிம் பேசிய விதத்தை வைத்து இன்றும் வகுப்பெடுக்கலாம். குரலை உயர்த்தவில்லை. விருந்தாளி கேம்ப்புக்கு வர விரும்புகிறார் என்றார். ஓட்டல் மேடையில் அவரை ராணியின் பிரதிநிதி என்று அறிவித்தால், அவருடைய ஊரில் அதைத் தவறென்று சொல்வார்கள், கம்பெனிக்குப் புரோட்டோகால் தெரியாது என்று பேச்சு வரும் என்றார். சந்திரமோகன் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். "சரி, நாளைக்கு மத்தியானம் கேம்ப்லேயே வெச்சுக்கலாம்" என்றார். "ஆனா நான் வருவேன்."

"நிச்சயம் வர வேண்டும்" என்றார் ஹாஷிம். "உங்களுக்கும் ஒரு நாற்காலி உண்டு."

கேம்ப் மெஸ் ஹால். சாம்பார் வாசனை. வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்பதால் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள், ஜன்னலில்கூட முகங்கள். முன்னால் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். செல்வராஜ் தேய்த்த சட்டையோடு வாசலில் நின்றார். காரிலிருந்து ஷெரீப் இறங்கினார்: வெல்வெட், லேஸ், காலுறை, பக்கிள் வைத்த ஷூ. பின்னால் இருந்தவர்கள் பெஞ்சுமேல் ஏறிப் பார்த்தார்கள்.

"அண்ணே," செல்வராஜ் என் காதில் சொன்னார், "எங்கூர் நாடகத்துல ராஜபார்ட் போடுற ஆளு மாதிரியே இருக்காரு. வாளு எங்க?"

"ஏர்போர்ட்ல வாங்கி வெச்சுக்கிட்டாங்க. ஊருக்குப் போறப்பதான் குடுப்பாங்க."

"எங்க பாஸ்போர்ட்ட கம்பெனி வாங்கி வெச்சிருக்கே, அது மாதிரியா? பாவம்ணே, அவரும் நம்ம ஆளுதான்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்ன சொன்னார் என்று ஷெரீப் கேட்டார். கேட்ட கேள்வியாயிற்றே, மொழிபெயர்த்துவிட்டேன். சிரிக்கப்போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டு, செல்வராஜின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

சந்திரமோகன் வந்தார், நேராக நடு நாற்காலிக்கு நடந்தார். உட்காரப் போகும் நேரத்தில் ஹாஷிமின் விரித்த கை நடுவில் வந்தது. "மன்னிக்க வேண்டும். அது வீட்டுக்காரர் நாற்காலி."

"எந்த வீட்டுக்காரர்? இது கம்பெனி கேம்ப்!"

"கட்டடம் கம்பெனியுடையது. விமானம் ஏறும்வரை ஒரு கட்டில் இவருடையது என்று உங்கள் அலுவலகமே சொன்னது. கட்டில் யாருடையதோ வீடு அவருடையது. விருந்தாளி அவருக்கு வலப்பக்கம்." கை மெல்ல நகர்ந்தது. "உங்களுக்கு இடப்பக்கம்."

நூற்றுக்கணக்கான ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்திரமோகன் இடப்பக்கம் உட்கார்ந்தார். நான் வரைந்த நாற்காலி வரிசைகளிலேயே சின்னது இதுதான், இதைப்போல் பொருந்தியது வேறெதுவும் இல்லை.

ஷெரீப் எழுந்தார். "என் கவுண்டியில் இதை ராணியின் பெயரால் சொல்லியிருப்பேன். இங்கே எனக்கு எந்தப் பதவியும் இல்லை என்று இந்த நண்பர் கண்டுபிடித்துவிட்டார்" என்று என்னைக் காட்டினார். "அதனால் ஆண்ட்ரூவின் அம்மாவுக்குப் பக்கத்துத் தோட்டக்காரனாகச் சொல்கிறேன். அவன் இப்போது மறுபடி நடக்கிறான். போன வாரம் என் மரத்தில் ஏறி ஆப்பிள் திருடினான். நன்றி." பத்திரத்தைச் செல்வராஜ் கையில் கொடுத்தார். விசில் சத்தத்தில் மெஸ் பாத்திரங்கள் அதிர்ந்தன.

அதோடு ஒரு பொட்டலமும் கொடுத்தார். ஆண்ட்ரூவின் அம்மா தன் கையால் பின்னிய கம்பளி ஸ்வெட்டர். அரியலூருக்கு! செல்வராஜ் அதைப் பிரித்துப் பார்த்தார். வலிக்கிற தோளை மெதுவாக நுழைத்து அங்கேயே போட்டுக்கொண்டார். "குடுத்தவங்க முன்னால போடலைன்னா மரியாதையா இருக்காதுல்லண்ணே." அந்த வெயிலில் வெல்வெட்டும் கம்பளியும் அடுத்தடுத்து உட்கார்ந்து, வேர்த்து வழிய, எவர்சில்வர் டம்ளரில் டீ குடித்ததைப்போல் ஒரு காட்சியை எந்த ஓட்டல் மேடையிலும் நான் பார்த்ததில்லை. ஷெரீப் தோளைப் பற்றிக் கேட்டார். செல்வராஜ் உள்ளதைச் சொன்னார், நான் உள்ளபடி மொழிபெயர்த்தேன். இடப்பக்க நாற்காலி கொஞ்சம் நெளிந்தது.

ஷெரீபை அவர் மகள் தன் காரில் வந்து அழைத்துப் போனாள். கம்பெனி கார் காலியாக நின்றது. ஹாஷிம் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்றைக்கு இந்தக் கார் சிறப்பு விருந்தினருக்கு என்று எழுதியிருக்கிறது. இன்னும் ஒருவர் பாக்கி."

நான் அட்டைப்பெட்டியை டிக்கியில் வைத்து, பின்கதவைத் திறந்து, உள்ளங்கை மேலே தெரிய, உஸ்தாத் பாணியில் கையை நீட்டினேன். பின்சீட்டு, வலது பக்கம். செல்வராஜ் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

"வேணாம்ணே. பின்சீட்டுல உக்காந்தா எனக்குக் கொமட்டும். நான் டிரைவர் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"அது ஸ்டாஃப் சீட்டுங்க. இதுதான் மரியாதை."

"மரியாதையில வாந்தி எடுத்தா நல்லாவா இருக்கும்?"

"யல்லா, ஜல்தி!" என்று அவசரப்படுத்தினார் கான் பாய். செல்வராஜ் முன்னால் ஏறிவிட்டார். எனக்கு மிச்சம் இருந்தது ஒரே இடம். அத்தனை வருடம் யார் யாருக்கோ கதவு திறந்துவிட்ட இடத்தில் நான் உட்கார்ந்தேன். நிமிர்ந்து, நேரே பார்த்து, கையை மடியில் வைத்து உட்கார வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். எனக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. நேரே பார்த்தால் ஸ்வெட்டர் முதுகுதான் தெரிந்தது. முன்னால் செல்வராஜ், கான் பாய் அவருக்காகவே சுற்றிப் போன ஷேக் சாயித் ரோட்டின் இரு பக்கமும் விரலை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டு வந்தார். "இது நாங்க ஷட்டரிங் அடிச்சது. அந்தா, அதுவும். அந்தப் பச்சைக் கண்ணாடி இல்ல, அதுக்கு அடுத்தது." நான் ஒவ்வொன்றுக்கும் தலையைக் குனிந்து, வளைந்து, எட்டிப் பார்த்தேன்.

ஏர்போர்ட்டில் போர்ட்டர் ஓடிவந்தார். நேராகப் பின்கதவைத் திறந்து, எனக்கு ஒரு சலாம் வைத்து, "சாப், லக்கேஜ்?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வராஜ் முன்சீட்டிலிருந்து இறங்கினார். கக்கத்தில் பத்திரம், நெற்றியில் வேர்வை.

"லக்கேஜ் மேரா ஹை, பாய்," பெட்டி என்னுடையது என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஓ சாப் மேரா ஸ்டாஃப் ஹை." அந்த சாப் என் ஸ்டாஃப் என்கிறார்!

போர்ட்டர் ஸ்வெட்டரைப் பார்த்தார், என் கோட்டைப் பார்த்தார், குழம்பிப்போய் இரண்டு பேருக்கும் பொதுவாக இன்னொரு சலாம் வைத்தார். நான் இறங்கி, டிக்கியிலிருந்து அட்டைப்பெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு செல்வராஜுக்குப் பின்னால் போனேன். நல்ல கனம். ஆனாலும் ஓடவில்லை, நிதானமாக நடந்துதான் போனேன்.